பட்டன் தேயாத டயர்

ஏப்ரல் 7, 2025, திங்கள்

ஸ்கூல் வேன் டிரைவருக்குக் காய்ச்சலாம். யாழினியைக் கூட்டிவர நானே காரை எடுத்துக்கொண்டு போனேன். கைக்குழந்தை நித்தீஷை அத்தையிடம் விட்டுவிட்டேன். திரும்பும்போது வீரபாண்டிப் பிரிவுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் பின்பக்க இடது டயரில் காற்றே இல்லை.

நல்லவேளை, லிங்கசாமி அண்ணன் பஞ்சர் கடை கூப்பிடு தூரம். ஆணியைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார், யாழினி விளையாட்டுக்கு வாங்கிக்கொண்டாள் (பிறகு நான் பிடுங்கி எறிந்தேன்). அவர் உடனே ஒட்ட ஆரம்பிக்கவில்லை. டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். மெல்லிசாகக் கோடு கோடாக வெடிப்பு, குதிகால் வெடிப்பு மாதிரி.

“ஏனுங் அம்மிணி, இது எப்பப் போட்டதுங்க?”

“நாலு வருசம் ஆச்சுங்ணா. எங்கப்பா புதுசா போட்டுக் குடுத்தது.”

எழுந்து போய் மற்ற மூன்று டயரையும் பார்த்துவிட்டு வந்தார். துணியால் ஓரிடத்தைத் துடைத்துக் காட்டினார். சின்ன வட்டத்துக்குள் நாலு எண். 2914.

“கடைசி ரெண்டும் டயர் செஞ்ச வருசமுங்க. முன்னாடி ரெண்டும் வாரம். நாலு டயர்லயும் இதேதான் கெடக்குது.”

“ரோட்டுல படற பட்டன் தேயாம நல்லாத்தானே இருக்குதுங்ணா?”

“பட்டன் நல்லாத்தானுங்க இருக்குது. ரப்பரு செத்துப்போச்சு. ஊருக்குள்ள ஓட்டிக்கலாம். இந்த வெய்யல்ல ஆளுகள ஏத்திட்டு லாங் போனீங்கன்னா வெடிச்சுப்போடும். சொல்லிட்டெல்லாம் வெடிக்காதுங்க.”

2014, இருபத்தொன்பதாவது வாரம். அப்போது நான் காலேஜ் இரண்டாம் வருஷம். கல்யாணமே ஆகவில்லை. அந்த டயரை அப்பா எப்படி 2021இல் புதுசாகப் போட்டிருக்க முடியும்?

ஏப்ரல் 8

கடைக்காரன் அப்பாவை ஏமாற்றியிருக்கிறான். அவ்வளவுதான் விஷயம். அவருக்கு எண்ணெல்லாம் பார்க்கத் தெரியுமா என்ன? எனக்கே நேற்றுதான் தெரியும்.

ஏப்ரல் 10, வியாழன்

போனில் அப்பாவிடம் கேட்டேன். சாதாரணமாகக் கேட்கிற மாதிரிதான்.

“அப்பா, அன்னைக்கு டயர் எந்தக் கடையில போட்டீங்க?”

“ஏஞ் சாமி?”

“சும்மாதான்.”

“அவினாசி ரோட்டுல ஒரு கடை. பேரு மறந்துருச்சு.”

அப்பா எதையும் மறக்கிறவர் இல்லை. பனியன் கம்பெனி நடத்தியபோது எந்த வருஷம் ஆர்டர் கொடுத்த எந்த பையருக்கு எத்தனை பீஸ் தைத்தோம் என்று இன்றைக்கும் சொல்வார். கடைப் பேர் மறந்துவிட்டதாம். அதற்குப் பிறகு நித்தீஷுக்குப் பல் வந்துவிட்டதா, யாழினி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று அவரே பேசிக்கொண்டு போனார். நான் ‘உம்’ கொட்டினேன்.

ஏமாந்தவர் ‘சும்மாதான்’ என்றதும் விட்டுவிடுவாரா, ‘டயருக்கு என்ன ஆச்சு?’ என்றல்லவா கேட்டிருப்பார்?

ஏப்ரல் 13, ஞாயிறு

யோசித்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது. நான்தான் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

கார் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்தது. 2017. யாழினி பிறக்கும் சமயம் நான் மண்ணரையில் அம்மா வீட்டில் இருந்தேன். ஆஸ்பத்திரி போக வர வேண்டுமே என்று காரும் அங்கேயே நின்றது. அப்போதே பழைய டயர்கள் வழுக்கையாகிவிட்டன. “கொழந்தையக் கொண்டாந்து விடறப்ப புது டயரோட விடறனுங்க” என்று அப்பா என் வீட்டுக்காரர் தரணியிடம் சொன்னார். யாரும் கேட்கவில்லை, அவராகச் சொன்னதுதான். அதற்குள் இரண்டாவது லாக்டவுன் வந்தது. அப்பாவின் பன்னிரண்டு தையல் மெஷினும் நின்றது. பிறகு ஓடவே இல்லை. இப்போது வேறொருவர் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறார்.

ஜூலையில் என்னைக் கொண்டுவந்து விட்டபோது நாலு டயரும் கருகருவென்று மின்னின. பாலிஷ். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். அத்தை டயரையும் சேர்த்துப் போட்டோ எடுத்துச் சொந்தத்துக்கெல்லாம் அனுப்பினார். “எங்க சம்மந்தி கொழந்தையோட நாலு டயரும் சேத்தி அனுப்பியிருக்காரு” என்று இன்றைக்கும் சொல்கிறார். அப்பா அன்றைக்கு வாசலில் நின்று கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வியர்வை என்று நினைத்தேன்.

ஏப்ரல் 17

தரணி, காலர் நிட்டிங் கம்பெனிக்குப் போய்விட்டு வந்து சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். “ஏனுங்க, டயர்ல வெடிப்பு வுட்டிருக்குது. மாத்திரலாமுங்களா?”

கையைக் கழுவிவிட்டு நேராகக் காருக்கே போனார். ஒரு ரூபாய்க் காசை டயர் பள்ளத்தில் செருகி, “பாரு, எவ்வளவு உள்ள போகுதுன்னு. பட்டன் இன்னும் பாதிகூடத் தேயல. உங்கப்பா போட்டு நாலு வருசந்தான் ஆச்சு. லோடுக்குச் சின்ன யானை வண்டி வாங்குனதுக்கப்புறம் இந்தக் காரு எங்க ஓடுது? மாசத்துக்கு நாலு தடவை” என்றார்.

“ஓடாட்டியும் ரப்பர் வயசாகுமாமுங்க.”

“நெட்ல பாத்தியா?”

லிங்கசாமி அண்ணன் சொன்னார் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் இவர் நேரே அவரிடம் போவார். அவர் எண்ணைத் துடைத்துக் காட்டுவார். அவ்வளவுதான்.

“ஆமாங்க, நெட்ல” என்றேன்.

சிரித்தார். “கேஸ் சிலிண்டர், தண்ணித் தொட்டி, இப்ப டயரா?”

அதுவும் நியாயம்தான். நித்தீஷ் பிறந்ததிலிருந்து நான் அப்படித்தான் இருக்கிறேன். சிலிண்டர் லீக் ஆகிறது என்று கம்பெனி ஆளை மூன்று தடவை வரவழைத்தேன். ஒரு தடவையும் லீக் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு பூட்டு. குழந்தை தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறேன், இப்போதும். இத்தனை நாள் இல்லாததற்கெல்லாம் பயந்து பயந்து, உண்மையான ஒன்று வரும்போது என் பேச்சுக்கு விலை இல்லை.

ஏப்ரல் 21

நித்தீஷுக்கு மொட்டையும் காதுகுத்தும் மே 18 என்று முடிவாகிவிட்டது. வைகாசி முதல் ஞாயிறு. குலதெய்வம் கோயில் வெள்ளகோவில் தாண்டி. போக அறுபது கிலோமீட்டர், வர அறுபது. கத்திரி வெயில்.

எனக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. அதனால் தாய்மாமன் மடிக்குப் பதில் அப்பா மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். அத்தை சொல்கிறார், “சம்மந்திய மண்ணரையில போயி ஏத்திக்கலாம். முன்சீட்டுல அவரு உக்காரட்டும். அவரு குடுத்த காரு, அவரு போட்ட டயரு. அதுல போயி எறங்குனாத்தான் அவருக்கும் மருவாதி.”

கையிலிருந்த பால்பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

ஏப்ரல் 22

வேன் பிடித்து எல்லோரும் ஒன்றாகப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

அத்தை: “ஊட்டுல காரை நிறுத்திப்போட்டு வேன்லயா? ஏங் கண்ணு, பாக்கற சனம் என்ன நெனைக்கும்? காரை வித்துப்போட்டாங்கன்னு நெனைக்காது?”

அவ்வளவுதான். அத்தை கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நானே ஒரு நாள் ஓட்டிப் போய் மாற்றிவிட்டால்? நாலு டயர், சேலை மாதிரி பீரோவில் மறைத்துவைக்கிற பொருளா? ‘ஏன் மாத்துன, எதுக்கு மாத்துன’ என்று வரும். அதற்கு ஒரு பதில்தான் இருக்கிறது. அந்தப் பதில் அப்பா.

மே 1, வியாழன்

லீவு. மண்ணரைக்குப் போனோம். இவர் எங்களை இறக்கிவிட்டுவிட்டு யாரையோ பார்க்கப் போனார். அம்மா சமையற்கட்டில். அப்பா யாழினியைத் தோளில் வைத்துக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று கேட்டுவிட்டேன்.

“அப்பா, அந்த டயர் 2014துப்பா. நம்பர் இருக்குது அதுல. பதினெட்டாந் தேதி அதுலதான் போறம். நீங்களும்தான்.”

யாழினியைக் கீழே இறக்கிவிட்டார். சட்டைப் பையில் எதையோ தேடினார். பேனா. எடுத்தார், மறுபடி வைத்தார். ஏமாந்துட்டேன் சாமி என்று சொல்லுங்கப்பா, பொய்யாகவாவது சொல்லுங்கப்பா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

“மாப்பிள்ளைய மெதுவா ஓட்டச் சொல்லு சாமி. எம்பதுக்கு மேல போக வேண்டாம்.”

இவ்வளவுதான் சொன்னார். பிறகு அம்மாவிடம், “என்ன, கொழந்தைக்குத் தோசை ஆச்சா?”

கோபப்படக்கூட முடியவில்லை. தோசை சாப்பிட்டேன்.

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது. பேப்பரில் ஒரு விபத்து. டயர் வெடித்துக் கார் தடுப்புச் சுவரில். பேப்பரை மடித்துப் பரண்மேல் போட்டேன். எடுத்து மறுபடி படித்தேன். அந்தக் குழந்தையின் வயது போட்டிருக்கிறது. ஏன் போடுகிறார்கள்?

மே 9, வெள்ளி

இன்று செய்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இவர் கம்பெனிக்குப் போன பிறகு, முன் டயரின் வால்வு மூடியைக் கழற்றி ஹேர்பின்னால் அமுக்கிக் காற்றை விட்டேன். பிறகு பின் டயர். ஒன்று இறங்கினால் ஸ்டெப்னி மாட்டுவார்கள், இரண்டு இறங்கினால் சந்தேகப்பட்டு டயரை மாற்றுவார்கள் என்று கணக்கு. எனக்கு பி.காம். பட்டம் கொடுத்தவர்கள் பார்த்தால் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

சாயங்காலம் இவர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். “ரெண்டுமா? எப்பிடி ஒரே நாள்ல?”

யாழினி உடனே, “அம்மாதான் கொண்டை ஊசில புஸ்ஸுன்னு வுட்டாங்க. நானும் பாத்தேன்!”

அவர் என்னைப் பார்த்த பார்வை. திட்டியிருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் வந்து, மெதுவாக, பெரிய நோயாளியிடம் பேசுகிற மாதிரி, “அனு, உனக்கு என்னாச்சு?” என்றார்.

நான் அழுதேன். சொல்லவில்லை.

மே 11, ஞாயிறு

அத்தை என்னை அனுப்பர்பாளையத்தில் பொன்னாத்தாள் என்கிற அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். பயந்த பிள்ளைகளுக்கு வேப்பிலை அடித்துக் கயிறு கட்டுகிறவர். பக்கத்துப் பட்டறையில் பாத்திரம் தட்டும் சத்தம். பாதி பேச்சு காதிலேயே விழவில்லை.

“எதைக் கண்டு பயந்துதுங்க புள்ளை?”

“காரு டயரைக் கண்டுங்க.”

“என்னங்க?”

“டயருங்க! காரு டயரு!” என்று அத்தை பட்டறைச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

அந்த அம்மா வேப்பிலையைப் பிடித்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நாய், பாம்பு, செத்துப்போன மாமனாரு, எல்லாத்துக்கும் அடிச்சிருக்கறன். டயருக்கு இன்னைக்குத்தான் அடிக்கறன்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தையும் சிரித்தார். அந்த அம்மாவும். மூன்று பேரும் சிரித்தோம். பிறகு எனக்கு மட்டும் சிரிப்பு நிற்காமல் அழுகையாகப் போயிற்று. “நெம்ப ஆழமா எறங்கியிருக்குது” என்று இன்னொரு சுற்று அடித்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். இந்தக் கை பிடித்திருக்கும்போது சொல்லலாமா என்று நினைத்தேன். நாலு வருஷமாக எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவரிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

மே 13

தூக்கம் இல்லை. வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு.

மே 15, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் இவர் ஓஸ் பைப்பைப் பிடித்துக் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். யாழினி நுரையை வாரிப் பூசிக்கொண்டிருந்தாள். அத்தை பூஜைச் சாமானெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, காருக்கும் ஒரு மாலை சொல்லியிருப்பதாகச் சொன்னார். இவர், “கோயிலுக்குப் போயிட்டு அப்பிடியே கரூர் வரைக்கும் போயி சித்தி ஊட்டுக்கும் ஒரு எட்டுப் போயிரலாம்மா. நல்ல ரோடு, நூத்துல போனா நேரமே ஆகாது” என்றார்.

நூறில்.

நான் இடுப்பில் இருந்த நித்தீஷை அத்தையிடம் கொடுத்தேன். டயர் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சேலைத் தலைப்பாலேயே துடைத்தேன். “இங்க வாங்க. இதைப் படிங்க.”

“என்னது?”

“படிங்க.”

“ரெண்டாயிரத்தித் தொள்ளாயிரத்தி…”

“கடைசி ரெண்டும் வருசம். பதினாலு. எங்கப்பா போட்டது பழைய டயருங்க. புதுசில்ல. பாலிஷ் போட்டிருந்தாரு. அன்னைக்கு அவரால முடியல. லிங்கசாமியண்ணன் பாத்துட்டு ரப்பரு செத்துப்போச்சுன்னு சொன்னாரு. நான் பைத்தியம் இல்லீங்க.”

ஓஸ் பைப் தண்ணீர் அவர் காலில் ஊற்றிக்கொண்டே இருந்தது. அவர் மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தார். அத்தை படிக்கவில்லை. நித்தீஷின் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றார்.

“அத்தனை ஊட்டுக்குப் போட்டோ அனுப்புனேனே” என்றார். என்னிடம் இல்லை. யாரிடமும் இல்லை.

இவர் ஈரக் காலோடு உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்தார். வண்டியை எடுக்கும் முன் கண்ணாடியை இறக்கி, “முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?” என்றார். கோபமாக இல்லை. அதனால் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

மதியம் கார் புது டயரோடு வந்தது. இவர் என்னைக் கூப்பிட்டு எண்ணைக் காட்டினார். 0725. இந்த வருஷத்து ஏழாவது வாரம். நான் விரலை வைத்துப் பார்த்தேன். ரப்பரில் சின்னச் சின்ன முடிகள் நீட்டிக்கொண்டிருந்தன, பிறந்த குழந்தை தோள் மாதிரி.

சந்தோஷமாக இருக்க வேண்டும் நான்.

மே 16

அத்தை அப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வரும்போது பாதிதான் கேட்டது.

“…அட, அதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க சம்மந்தி. காலம் அப்பிடி. எல்லாருக்குந்தான் கஷ்டம். நாங்க மாத்திப்போட்டம். புள்ளை சொல்லித்தான் தெரியும். தங்கமான புள்ளை. நீங்க ஒண்ணும் நெனைக்கக் கூடாது, ஆமா.”

எவ்வளவு நல்ல மனசோடு சொன்னார்! ஒரு வார்த்தை குத்தலாக இல்லை. நான் ஈரத் தலையோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ‘புள்ளை சொல்லித்தான் தெரியும்.’

“அப்பா என்ன சொன்னாருங்கத்தை?”

“சரிங்கன்னாரு.”

“வேற?”

“சரிங்க, சரிங்கன்னாரு.”

நான் மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. கடைசியில் அம்மா எடுத்து, “கம்பெனிக்குப் போயிருக்காரு கண்ணு” என்றாள். பக்கத்தில் அவருடைய செருமல் கேட்டது.

மே 17, சனி

அம்மாவிடமிருந்து மெசேஜ். ‘நாங்க நேரா கோயிலுக்கு வந்துடறோம். நீங்க இங்க வந்து சுத்த வேண்டாம்.’

மே 18, ஞாயிறு

நல்லபடியாக முடிந்தது. முதலில் அதை எழுதிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாங்கள் போய் இறங்கும்போது அப்பாவும் அம்மாவும் முன்பே வந்திருந்தார்கள். முதல் பஸ் பிடித்து, மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். அப்பாவின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எல்லோரிடமும் வாங்க வாங்க என்றார். என்னிடமும் “வா சாமி” என்றார். அதே குரல்தான். கண் மட்டும் என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது.

நித்தீஷ் அவர் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்கிற மாதிரி அழுதான். அப்பா அவன் கன்னத்தோடு கன்னம் வைத்து ஆட்டிக்கொண்டே இருந்தார். காது குத்தும்போது அவரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மொட்டைத் தலைக்குச் சந்தனம் அவர்தான் தடவினார். நிதானமாக, ஒரு இடம் விடாமல்.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது இவர் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். “மாமா, ஏறுங்க. அத்தை, நீங்க பின்னால அம்மாகூட ஏறிக்கங்க. கொண்டு போயி ஊட்லயே விட்டர்றேன்.”

“இருக்கட்டுங் மாப்ள. மூணரைக்கு பஸ் இருக்குதுங்க.”

“இந்த வெய்யல்லயா? ஏறுங்க மாமா.”

“எங்களுக்கு அப்பிடியே காங்கயத்துல ஒரு சோலி இருக்குதுங்க.”

காங்கயத்தில் ஒரு வேலையும் இல்லை. எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், இவருக்கும் தெரிந்தது. அத்தையும் வந்து சொல்லிப் பார்த்தார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். யாழினி மட்டும், “அப்புச்சி எதுக்கு வர்ல, அப்புச்சி எதுக்கு வர்ல?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் காரை விட்டு இறங்கி அவரிடம் ஓடி, “அப்பா, பிள்ளைகளுக்காகத்தாம்பா” என்றேன். வேறு என்ன சொல்வேன்?

“தெரியுஞ் சாமி. நீ செஞ்சது சரிதான்.” பிறகு, “போ, கொழந்தைக்கு வெய்யல் படுது” என்றார்.

கரூருக்கு யாரும் போகவில்லை. நேராக வீட்டுக்குத்தான் வந்தோம். அப்பாவுக்கென்று விட்ட முன்சீட்டில் அத்தை உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டார். என்னையும் உட்கார விடவில்லை. தேங்காய், பழம், பிரசாதமெல்லாம் இருந்த பையை அங்கே வைத்தார்கள். வண்டி நகர்ந்ததும் பெல்ட் போடச் சொல்லி மணி அடிக்க ஆரம்பித்தது. பை கனம், யாரோ உட்கார்ந்திருப்பதாகக் கார் நினைத்துக்கொண்டது. ஒரு கிலோமீட்டர் அடித்துக்கொண்டே வந்தது. யாரும் பையை எடுத்துக் கீழே வைக்கவில்லை.

பிறகு தரணி ஓரமாக நிறுத்தி, எட்டி, அந்தப் பைக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டார்.